பழைய காரும் பின்னச்சுப் பற்சக்கரமும்

திண்டிவனம் பல சாலைகள் கூடும் ஊர். வடக்கே சென்னைக்கும், தென்மேற்கே விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கும், மேற்கே செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், தென்கிழக்கே புதுச்சேரிக்கும், கிழக்கே மரக்காணத்துக்கும் அங்கிருந்து செல்லலாம். இவை பெரும்பாலும் சமதளச் சாலைகளே. செஞ்சிக் குன்றுகளுங்கூடச் சாலையின் இரு மருங்கிலும் நிற்கின்றனவேயன்றி, சாலையை மலைமேல் ஏற்றுவதில்லை. ஆனால், விழுப்புரத்திலிருந்து மேற்கே புறப்பட்டு, கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலைமீதோ, சேலத்தைக் கடந்து ஏற்காட்டின்மீதோ ஏற முற்பட்டால் நிலைமை வேறு. ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரே கார் இவ்விரு வகைச் சாலைகளிலும் ஓட வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது.

பழைய காரொன்றை வாங்கிப் புதுப்பிக்கும் ஆர்வம் இந்நாளில் இளைஞர் பலரிடம் காணப்படுகிறது. வண்ணம் பூசுகிறார்கள், இருக்கைகளைத் தைக்கிறார்கள், எஞ்சினைப் பிரித்துச் சீர் செய்கிறார்கள். ஆயினும், பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே பூசணிக்காய் போல் உருண்டு தொங்கும் இரும்புக் கூட்டைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் சிலரே. அக்கூட்டினுள் இருக்கும் இரண்டு பற்சக்கரங்களே, அந்தக் கார் நெடுஞ்சாலையில் இரைச்சலின்றி ஓடுமா, மேட்டில் திணறாமல் ஏறுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அவற்றின் பல் எண்ணிக்கையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியாகக் கியர் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து நீண்ட தண்டு ஒன்று காரின் அடியில் பின்னோக்கிச் செல்கிறது. பட்டறைக்காரர்கள் இதனைப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பர். அதன் சுழற்சியைப் பெறும் சிறிய பற்சக்கரத்துக்குப் பினியன் என்று பெயர். பினியன், கிரௌன் எனப்படும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. நீளவாக்கில் வந்த சுழற்சி இங்கே செங்கோணத்தில் திரும்பிப் பின் சக்கரங்களுக்குச் செல்கிறது. பினியனில் 8 பற்களும் கிரௌனில் 39 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். கிரௌன் ஒரு முறை சுற்றுவதற்குப் பினியன் 39-ஐ 8-ஆல் வகுத்த அளவு, அதாவது 4.875 முறை சுற்ற வேண்டும். இந்த எண்ணே பின்னச்சின் பல் விகிதம் ஆகும்.

இவ்விகிதம் செய்யும் வேலையை மிதிவண்டி ஓட்டிய ஒவ்வொருவரும் தம் கால்களால் உணர்ந்திருப்பர். பின் சக்கரத்திலுள்ள பற்சக்கரம் பெரிதாக இருந்தால் மேட்டில் மிதிப்பது எளிது. ஆனால், சமதளத்தில் கால்கள் ஓயாது சுழல வேண்டும். அது சிறிதாக இருந்தால் சமதளத்தில் ஒரு மிதிக்கு நெடுந்தூரம் போகலாம். மேட்டிலோ எழுந்து நின்று மிதிக்க நேரும். ஓட்டுபவனின் வலிமை இரண்டிலும் ஒன்றே. பற்சக்கரம் புதிதாக வலிமை எதையும் உண்டாக்குவதில்லை. வேகத்தைக் கொடுத்து இழுவிசையை வாங்குகிறது. அல்லது இழுவிசையைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறது. இது ஒரு பண்டமாற்று. இந்த உண்மையை மறந்தவர்களே, பின்னச்சை மாற்றிவிட்டால் கார் எல்லா வகையிலும் சிறந்துவிடும் என்று நம்பிப் பணத்தைச் செலவிடுகிறார்கள்.

இனி உண்மையான கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுச் சாலைகளில் அம்பாசடர் காரைப்போல் நெடுங்காலம் ஓடிய கார் வேறொன்றைக் கூறுதல் அரிது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை அதனை உற்பத்தி செய்தனர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரே அதற்கு மூலம். 1959-இல் அதற்கு 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் திறன் ஏறக்குறைய 50 குதிரைத்திறன். அந்தத் திறனும் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்குச் சற்று மேலே போனால்தான் முழுமையாகக் கிடைக்கும்.

இந்த 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினின் வரலாற்றிலேயே நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. இதே அளவுள்ள, இதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சினை இங்கிலாந்தில் பல கார்களில் பொருத்தினார்கள். கனமான குடும்பக் காராகிய மாரிஸ் ஆக்ஸ்போர்டில் பின்னச்சு விகிதம் 4.875. எம்.ஜி. மாக்னெட் என்ற காரின் முதல் வடிவத்திலும் அதுவே. 1956-இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் எஞ்சினின் திறனைச் சற்றுக் கூட்டினார்கள். உடனே விகிதத்தை 9-க்கு 41, அதாவது 4.556 ஆகக் குறைத்தார்கள். 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற இலேசான இரண்டு இருக்கைக் காரில் விகிதம் 10-க்கு 43, அதாவது 4.3. பின்னர் 1962-இல் வந்த எம்.ஜி.பி. காரில் எஞ்சின் 1,798 கன சென்டிமீட்டராக வளர்ந்தது. விகிதம் 11-க்கு 43, அதாவது 3.909 ஆயிற்று. இவ்வரிசையை நோக்குங்கள். பாரம் குறைந்தபோதும், எஞ்சின் வலுத்தபோதும்தான் விகிதம் குறைந்தது. அவ்விரண்டும் மாறாதிருக்க, விகிதத்தை மட்டும் குறைப்பது பொறியாளர் வழியன்று.

இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம். அம்பாசடருக்குரிய 5.90–15 அளவு டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2 மீட்டர் தூரம் உருளும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நிமிடத்தில் 1,333 மீட்டர் கடக்கிறது. ஆகவே சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 667 முறை சுற்றுகிறது. நான்காம் கியரில் தண்டும் எஞ்சினும் ஒரே வேகத்தில் சுற்றுவதால், இந்த 667-ஐப் பின்னச்சு விகிதத்தால் பெருக்கினால் எஞ்சினின் சுற்று கிடைத்துவிடும். விகிதம் 4.875 ஆனால் 3,250 சுற்று, 4.556 ஆனால் சுமார் 3,040, 4.3 ஆனால் சுமார் 2,870, 3.909 ஆனால் சுமார் 2,610.

மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் என்ன ஆகும்? 4.875 விகிதத்தில் எஞ்சின் 4,060 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். அதாவது, தன் முழுத் திறனும் வெளிப்படும் எல்லையை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டே மணிக்கணக்கில் ஓட வேண்டும். இந்த எஞ்சினில் பிஸ்டன் ஒரு வீச்சில் நகரும் தூரம் 88.9 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு இரண்டு வீச்சு. ஆகவே 80 கிலோமீட்டர் வேகத்தில், 4.875 விகிதமுள்ள காரின் பிஸ்டன் ஒரு நிமிடத்தில் 578 மீட்டர் தூரம் மேலும் கீழுமாக உராய்கிறது, 4.3 விகிதமானால் சுமார் 510 மீட்டர். தேய்மானம், இரைச்சல், வெப்பம் ஆகியவை குறைவதற்கு இதுவே காரணம். அகலமான இன்றைய நான்கு வழிச் சாலையில் திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் பழைய காரை ஓட்டிச் செல்பவர், “எஞ்சின் கதறுகிறதே” என்று வருந்துவதில் நியாயம் இல்லாமற் போகவில்லை.

ஆனால் இது கணக்கின் ஒரு பாதியே. மற்றொரு பாதியை மலையடிவாரத்தில் நின்று போட வேண்டும். ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து காரின் மொத்த எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், புவியீர்ப்பை வெல்ல மட்டும் 150 கிலோ இழுவிசை வேண்டும். டயர்களின் உருளல் தடைக்கு ஏறத்தாழ 22 கிலோ. ஆக மொத்தம் 172 கிலோ. இந்த எஞ்சினின் மிகுதியான முறுக்கு விசை சுமார் 10 கிலோகிராம்-மீட்டர். மூன்றாம் கியரின் விகிதம் சுமார் 1.5, சக்கரத்தின் ஆரம் 0.32 மீட்டர். உராய்வில் பத்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கொண்டால், மூன்றாம் கியரில் சாலையைத் தள்ளும் விசை எவ்வளவு? 4.875 விகிதத்தில் 206 கிலோ; 4.3-இல் 181 கிலோ, 3.909-இல் 165 கிலோ.

முதற் கார் மூன்றாம் கியரிலேயே தாராளமாக ஏறுகிறது. இரண்டாம் கார் தட்டுத் தடுமாறி ஏறுகிறது. எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கி வேகம் குறைந்தால் இரண்டாம் கியருக்கு வந்தேயாக வேண்டும். மூன்றாம் காரோ மூன்றாம் கியரில் ஏறவே ஏறாது. முதற் கியரில் புறப்படும்போதும் இதே குறை தோன்றும். மேட்டில் நின்ற காரைக் கிளப்ப அரைக் கிளட்சில் நெடுநேரம் இழுத்துப் பிடிக்க நேரும். கிளட்ச் தகடு தீய்ந்து நாற்றமெடுக்கும். நெடுஞ்சாலையில் எஞ்சினுக்கு மிச்சப்படுத்திய தேய்மானத்தைக் கிளட்சுக்குக் கொடுத்துவிட்டோம் என்பது அப்போது விளங்கும்.

ஆகவே, “எந்த விகிதம் சிறந்தது?” என்ற கேள்விக்கு விடை இல்லை. “எந்தச் சாலைக்கு, எவ்வளவு பாரத்துக்கு, எந்த எஞ்சினுக்கு?” என்று கேட்டால் விடை உண்டு. மலைப் பயணமும் முழுப் பாரமும் அடிக்கடி உள்ளவர், பழைய எஞ்சினோடு 4.875-ஐ வைத்துக்கொள்வதே நலம். விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் புதுச்சேரிக்குமாகச் சமதளத்தில் இரண்டு மூன்று பேரோடு ஓட்டுபவருக்கு 4.556 ஏற்றது, எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் 4.3-உம் தகும். 3.909 என்பது பெரிய எஞ்சினுக்கு உரியது.

தேர்ந்தெடுப்பதற்கு முன், காரில் இப்போது என்ன விகிதம் இருக்கிறது என்பதை அறிய வேண்டாமா? புத்தகத்தில் உள்ளதை மட்டும் நம்பலாகாது. அறுபது ஆண்டு ஓடிய காரில் எத்தனை முறை பின்னச்சு மாறியிருக்குமோ, யார் அறிவார்? கூட்டைத் திறக்காமலே கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சமதரையில் காரை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கும், பின் சக்கரங்களில் தரையிலேயே இருக்கப்போகும் ஒன்றுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மற்றொரு பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சின் கீழே உறுதியான தாங்கி ஒன்றை வைத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே கை நீட்டுதல் கூடாது. கைப் பிரேக்கைத் தளர்த்தி, கியரை நடுநிலையில் வைத்து, தூக்கிய சக்கரத்தைச் சரியாக 20 சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சக்கரம் நிலையாக நிற்கும்போது, டிஃபரன்ஷியல் அமைப்பின் காரணமாகக் கிரௌன் அதில் பாதியே, அதாவது 10 சுற்றே சுற்றும். அதற்குள் நீண்ட தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பதை மற்றொருவர் எண்ண வேண்டும். 49-க்குச் சற்றுக் குறைவாக இருந்தால் 4.875, நாற்பத்தைந்தரை ஆனால் 4.556, 43 ஆனால் 4.3, 39 ஆனால் 3.909.

8-க்கு 39, 9-க்கு 41, 10-க்கு 43, 11-க்கு 43 என்ற இந்த எண்களைக் கேட்ட மாணவர்களுக்கு ஓர் ஐயம் தோன்றலாம். 10-க்கு 40 என்று வைத்தால் கணக்கு எளிதாகுமே, ஏன் இப்படி முரண்டான எண்கள்? இதில் ஓர் அழகிய கணித உண்மை அடங்கியிருக்கிறது. 10-க்கு 40 என்றால் பினியனின் ஒரு குறிப்பிட்ட பல், கிரௌனின் அதே நான்கு பற்களையே என்றென்றும் சந்திக்கும். பினியனில் ஒரு பல்லில் சிறு பழுது இருந்தால் அந்த நான்கு பற்கள் மட்டும் விரைவில் தேயும். 10-க்கும் 43-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. ஆகவே ஒவ்வொரு பினியன் பல்லும், 43 சுற்றுகளுக்குள் கிரௌனின் எல்லாப் பற்களையும் ஒருமுறை சந்தித்துவிடுகிறது. தேய்மானம் யாவற்றுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. பள்ளியில் படித்த பொதுக் காரணிக் கணக்கு, காரின் அடியில் எண்ணெய்க்குள் இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இதிலிருந்து மற்றொரு விதியும் பிறக்கிறது. கிரௌனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உராயவிட்டுப் பக்குவப்படுத்தப்பட்ட இணை. ஓர் இணையின் கிரௌனையும் மற்றோர் இணையின் பினியனையும் சேர்த்துப் பொருத்தினால் ஊளையிடும். சில நாளில் பல் உடையும். பல் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒரு காரின் இணை இன்னொரு காரின் கூட்டில் பொருந்திவிடும் என்றும் எண்ணலாகாது. பினியனின் ஆழம், பற்களுக்கு இடையேயுள்ள இடைவெளி ஆகியவற்றை அளந்து அமைக்கத் தெரிந்த கை வேண்டும். ஹைப்பாய்டு வகைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உராய்வன. அவற்றுக்குரிய தடித்த கியர் எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

விகிதத்தை மாற்றியவர்கள் மறக்கும் செய்தி ஒன்று உண்டு. அது உயிரோடு தொடர்புடையது. பழைய கார்களில் வேகமானி கியர் பெட்டியின் பின்புறத்திலிருந்து சுழற்சியைப் பெறுகிறது. 4.875-ஐ 4.3 ஆக மாற்றினால், அதே வேகத்தில் தண்டு முன்னைவிட மெதுவாகச் சுழலும். கார் உண்மையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வேகமானி சுமார் 70 என்றே காட்டும். ஓட்டுபவர், “எழுபதில்தான் போகிறேன்” என்று நிம்மதியாக இருப்பார். எஞ்சினும் முன்போல் இரைந்து எச்சரிப்பதில்லை. ஆகையால் பின்னச்சை மாற்றும் நாளிலேயே வேகமானியையும் திருத்திவிட வேண்டும்.

இதனோடு பிரேக்கையும் எண்ணுங்கள். அந்நாளைய அம்பாசடரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. 80-லிருந்து 100-க்கு வேகம் உயர்ந்தால், காரின் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்கிறது. அவ்வளவையும் வெப்பமாக மாற்றி நிறுத்த வேண்டியது அதே பழைய பிரேக்குதான். எளிதாக விரையும் காருக்கு எளிதாக நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும். சாலையோரச் சிற்றூரிலிருந்து மாடோ மிதிவண்டியோ குறுக்கே வரும்போது, பின்னச்சின் விகிதம் எவரையும் காப்பாற்றாது.

பின்னச்சைத் தொடாமலே பயன் பெறும் வழிகளும் இருக்கின்றன. சுற்றளவு நூற்றுக்கு ஐந்து பங்கு பெரிய டயரைப் போட்டால், விகிதத்தை நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்ததற்கு ஒப்பாகும். ஆனால், டயர் சக்கர வளைவில் உரசாதிருக்க வேண்டும். ஐந்து கியர் உள்ள பெட்டியைப் பொருத்துவது மற்றொரு வழி. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தாரே 1990-களில் இசுசூ எஞ்சினோடு ஐந்து கியர் பெட்டியை அம்பாசடருக்கு அளித்தனர். ஐந்தாம் கியரின் விகிதம் 0.85 என்று கொண்டால், 4.875 விகிதமுள்ள அச்சு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 4.14 போல் நடந்துகொள்ளும். மலையில் கீழ்க் கியர்கள் முன்போலவே இழுக்கும். செலவும் வேலையும் மிகுதி. ஆனால், பண்டமாற்றில் இழப்புக் குறைவு.

இறுதியாக ஒன்று. 2021-இல் மத்திய அரசு, முதற் பதிவு செய்து 50 ஆண்டுகளுக்கு மேலான கார்களையும் இரு சக்கர வண்டிகளையும் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்யத் தனி விதிகள் வகுத்தது. வண்டி தன் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கலாகாது என்பது அவ்விதிகளின் கருத்து. ஆகவே எதை மாற்றினாலும் கழற்றியதை எறிந்துவிடாதீர்கள். பழைய கிரௌனையும் பினியனையும் எண்ணெய் தடவி, ஒன்றாகக் கட்டி, பல் எண்ணிக்கையை எழுதிப் பெட்டியில் வையுங்கள். அந்தக் கார் உங்களுக்குப் பின்னும் ஒருவர் கைக்குப் போகும். அவருடைய சாலை வேறாக இருக்கலாம்.

மாணவ நண்பர்களே, பற்சக்கரத்தை வாங்கக் கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டப்போகும் சாலையையும், ஏற்றப்போகும் பாரத்தையும், நியாயமாகப் போக விரும்பும் வேகத்தையும் அதில் எழுதுங்கள். பிறகு, இன்று நாம் போட்ட பெருக்கல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு, காரில் ஏற்கெனவே இருக்கும் விகிதமே போதும் என்று அந்தத் தாள் சொல்லிவிடும். மற்றப் பாதிப் பேருக்கு, எதை இழந்து எதைப் பெறப் போகிறோம் என்பது தெளிவாகும். அந்தத் தெளிவோடு செய்த மாற்றத்துக்குப் பிறகு வருந்த நேராது.